காகம் தலையில் தட்டினால்

ஹிட்ச்கொக்கின் 'த பேர்ட்ஸ்' படத்தில் முதல் தாக்குதல் மிகச் சின்னது. மெலனி என்ற சான் பிரான்சிஸ்கோ பணக்காரப் பெண் ஒரு சிறிய மோட்டார் படகில் பொடேகா குடாவைக் கடந்து வருகிறாள், கரையில் நாயகன் மிச் காத்து நிற்கிறான், இருவரும் பார்த்துச் சிரிக்கப்போகிற அந்த நேரத்தில் ஒரு கடற்காகம் எங்கிருந்தோ இறங்கி அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறது. அவ்வளவுதான். கையுறையின் நுனியில் ஒரு துளி இரத்தம்.

எங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்தபோது அம்மம்மா இந்த இடத்திலேயே கதையை முடித்துவிட்டார். "அந்தப் பிள்ளைக்குச் சனி பிடிச்சிட்டுது. எள்ளெண்ணெய் எரிக்கச் சொல்லு." ஆங்கிலம் தெரியாத, ஹிட்ச்கொக் யாரென்று தெரியாத ஒருவர் சொன்ன இந்த வார்த்தைதான், இந்தப் படத்தைப் பற்றி நான் வாசித்த எல்லா விமர்சனங்களையும் விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

ஏனென்றால் பறவை தலையில் தட்டினால் எங்கள் ஆட்களுக்கு அது வெறும் பறவை தட்டியது ஆகாது. கொழும்பில் காகம் தலையில் அடிப்பது புதினமும் இல்லை. குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில், கூடு இருக்கும் மரத்துக்குக் கீழே நடந்து போனால் பின்னால் இருந்து வந்து அடிக்கும். தாய்க்காகம் குஞ்சைக் காப்பாற்றுகிறது, காரணம் அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வந்து சொன்னால் போதும், உடனே தலைக்கு முழுக வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், யாருக்கு என்ன கிரகம் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். புரட்டாதிச் சனிக்கு விரதம் இருந்து காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் சாப்பாடு. வெள்ளவத்தை மாடி வீடுகளில் முற்றம் ஏது, மொட்டைமாடியில் வாழையிலைத் துண்டு வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டு, அது வரும்வரை நிற்பார்கள். திவச நாளில் நிலைமை இன்னும் இறுக்கம். காகம் வந்து சோற்றை எடுத்தால் செத்தவர் ஏற்றுக்கொண்டார். எடுக்காவிட்டால் வீடே அமைதியாகிவிடும். எதில் குறை வைத்தோம்? அப்பா என்ன மனக்குறையோடு போனார்? சோற்றில் உப்புக் கூடிவிட்டதோ, யாருடைய மனமோ சரியில்லையோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சில கணங்களுக்குப் பிறகு காகம் வந்துவிடும், எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. குறுந்தொகையின் 210ஆம் பாட்டில் தோழி சொல்கிறாள், விருந்து வரும்படி கரைந்த காகத்துக்குத் தொண்டி நெல்லின் சோற்றை நெய்யோடு ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் அது சிறிதுதான் என்று. அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. தலைவனைக் கூட்டிவந்தது காகம் என்று நம்பிய ஒரு மரபு எங்களுடையது. பறவை என்ன செய்தாலும் அது எங்களுக்கு எதையோ சொல்கிறது. அது வந்தாலும் காரணம் நாங்கள், வராவிட்டாலும் காரணம் நாங்கள்.

1963இல் வந்த இந்தப் படம் அந்த நம்பிக்கையின் அடியில்தான் கை வைக்கிறது. மிச்சின் தங்கச்சியின் பிறந்தநாள் விழாவில் பிள்ளைகளைக் கடற்காகங்கள் கொத்துகின்றன, புகைபோக்கி வழியாகச் சிட்டுக்குருவிகள் நூற்றுக்கணக்கில் வீட்டுக்குள் கொட்டுகின்றன, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் காகங்கள் துரத்துகின்றன, ஊர் நடுவில் பெற்றோல் நிலையம் பற்றி எரிகிறது. கடைசிவரை ஏன் என்று யாரும் சொல்வதில்லை. படம் பார்த்த பலருக்கு இதுதான் குறை, ஏமாற்றம். எனக்கு இந்தப் படம் இவ்வளவு காலம் நிற்பதற்கே அதுதான் காரணம் என்று தோன்றுகிறது. ஹிட்ச்கொக் ஒரு விஞ்ஞானியைக் கொண்டுவந்து கடைசி ஐந்து நிமிடத்தில் விளக்கம் சொல்ல வைத்திருந்தால் இதை அந்தக் கால விலங்குப் படங்களோடு சேர்த்து மறந்திருப்போம்.

பள்ளிக்கூடக் காட்சியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மெலனி வெளியே வாங்கில் இருந்து சிகரெட் புகைக்கிறாள். உள்ளே பிள்ளைகள் ஒரு பாட்டைப் பாடுகிறார்கள், முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் பாட்டு. அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் ஏறி விளையாடும் இரும்புச் சட்டத்தில் ஒரு காகம் வந்து இருக்கிறது. பிறகு இன்னும் சில. அவளுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரிகிறது. கமரா அவள் முகத்திலேயே நிற்கிறது, நேரம் போகிறது, பிறகு அவள் வானத்தில் ஒரு காகத்தைக் கண்டு கண்ணால் தொடர்ந்துபோக, அது வந்து இறங்கும் சட்டம் முழுக்கக் காகம். உலகம் முழுக்க இந்தக் காட்சியைப் பார்த்துப் பயந்திருக்கிறது, சரி. ஆனால் பின்னேரத்தில் காலிமுகத்திடல் பக்கமோ விகாரமகாதேவி பூங்காப் பக்கமோ நின்று பார்த்த ஒருவருக்குக் காகக் கூட்டம் ஒரு விஷயமே இல்லை. இதைவிடப் பல மடங்கு காகங்கள் தினமும் பொழுதுபடும் நேரம் மரங்களில் வந்து அடைகின்றன, கீழே பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், இறால் வடை விற்பவர் கையை வீசித் துரத்திக்கொண்டே விற்பார். முகத்துவாரப் பக்கம் காக்கைத்தீவு என்று ஓர் இடமே இருக்கிறது. அப்படியிருந்தும் இந்தக் காட்சி எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஏன் என்று யோசித்துப் பார்த்தால் அந்தக் காகங்கள் கத்தவில்லை. எங்கள் ஊரில் நாலு காகம் ஓரிடத்தில் சேர்ந்தால் காது கிழியும். ஒரு காகம் மின்கம்பியில் அடிபட்டுச் செத்தால் அந்தத் தெருவே அல்லோலகல்லோலப்படும். இவ்வளவு காகம் சத்தமில்லாமல் வந்து வரிசையாக இருப்பது, காகத்தோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் இன்னும் அதிகம் பயம் தரும் என்று நினைக்கிறேன்.

ஆனால் படத்தின் மிகச் சிறந்த இடம் இதுவும் இல்லை. என்னைக் கேட்டால் அது கோப்பைகள்.

சிட்டுக்குருவிகள் வந்துபோன இரவில் மிச்சின் தாய் லிடியா நிலத்தில் குனிந்து உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்குகிறாள். ஜெசிக்கா டன்டி அந்தப் பாத்திரத்தில் வாழ்ந்திருக்கிறார், கணவன் போன பிறகு வீட்டை எப்படியாவது நேராக வைத்துக்கொண்டால் எல்லாம் நேராக இருக்கும் என்று நம்புகிற ஒரு பெண். அடுத்த நாள் அயல் பண்ணைக்காரர் ஒருவரின் வீட்டுக்குப் போகிறாள். கூப்பிடுகிறாள், பதில் இல்லை. குசினிக்குள் நுழைகிறாள், கொளுக்கிகளில் கோப்பைகள் வரிசையாகத் தொங்குகின்றன, எல்லாம் உடைந்து, பிடிகள் மட்டும் மிச்சம். நேற்று அவள் பொறுக்கிய அதே துண்டுகள் மாதிரி. எங்களுக்கும் அவளுக்கும் அந்த ஒரே நொடியில் விளங்குகிறது. பிறகு அறைக்குள் அந்த மனிதரின் உடல், கண்கள் இருந்த இடம். மூன்று வெட்டுகளில் கமரா முகத்தை நெருங்குகிறது, ஒரு சத்தம் கிடையாது. அவள் ஓடி வெளியே வருகிறாள், வாயைத் திறக்கிறாள், கத்த முடியவில்லை. வேலையாளின் முன்னால் நின்று வாயை மட்டும் திறந்து மூடுகிறாள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வயலின்களை அலற விட்டிருப்பார்கள்.

இந்தப் படத்தில் வழமையான பின்னணி இசையே இல்லை. 'சைக்கோ'வுக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மனின் பெயர் இதில் ஒலி ஆலோசகர் என்று மட்டும் வருகிறது. பறவைச் சத்தங்களில் பெரும்பகுதியை ஒஸ்கார் சாலா என்ற ஜெர்மன்காரர் டிரவுட்டோனியம் என்ற மின்னிசைக் கருவியில் உண்டாக்கினார். கடைசிப் பகுதியில், மிச் யன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்து முடித்த பிறகு, குடும்பம் வரவேற்பறையில் இருக்கிறது. தாய், தங்கச்சி கதி, மெலனி எல்லோரும் அங்கேதான். யாரும் பேசுவதில்லை. முதலில் அமைதி, பிறகு தூரத்தில் ஏதோ கீச்சுக் கீச்சென்று, பிறகு சிறகடிப்பு, பிறகு கதவுப் பலகையை மரத்தூளாக்கும் அலகுகளின் சத்தம். பறவை ஒன்றிரண்டு மட்டுமே திரையில் தெரிகிறது, மிச்சம் முழுக்கக் காதுக்கு.

எங்கள் சின்னம்மா இந்த இடத்தில் எழுந்து போய்விட்டார். "சத்தத்தைக் குறை" என்றார், குறைத்தேன், "இல்லை, நிப்பாட்டு" என்றார். 83 ஜூலைக் கலவரத்தில் அவர் இந்த நகரத்தில் ஒரு வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் அலுமாரியைத் தள்ளி வைத்துவிட்டு இருந்தவர். பிறகு குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு சொன்னார்: "வெளியில எத்தின பேர், எந்தப் பக்கம் நிக்கிறாங்கள், எங்கட வீட்டுக்குத்தான் வாறாங்களோ எண்டு தெரியாது. காது மட்டும்தான் வேலை செய்யும்." அவர் படத்தைப் பற்றி வேறெதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் பயந்ததில் ஓர் உண்மை இருக்கிறது. இந்தப் படத்தின் வேர் டஃப்னே டு மோரியே 1952இல் வெளியிட்ட ஒரு நீண்ட சிறுகதை. அது நடப்பது இங்கிலாந்தின் கோர்ன்வால் கரையில், நாயகன் நட் என்ற பண்ணைத் தொழிலாளி. யன்னலுக்குப் பலகை அடிக்கும்போது அவனுக்குப் போர்க்காலத்தில் பிளிமத்தில் விழுந்த குண்டுகள்தான் ஞாபகம் வருகின்றன. வானொலியில் முதலில் அறிவித்தல்கள் வரும், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று, பிறகு ஒரு கட்டத்தில் பிபிசியே அமைதியாகிவிடும். குண்டுவீச்சை அனுபவித்த ஒரு சமூகத்துக்குள் எழுதப்பட்ட கதை அது. ஹிட்ச்கொக் அதிலிருந்து கருவையும் தலைப்பையும் எடுத்துக்கொண்டு, ஆட்களையும் நாட்டையும் மாற்றிவிட்டார், திரைக்கதை எவன் ஹன்டர் என்பவர் எழுதியது. ஆனால் அந்தப் பலகை அடித்த வீடு மட்டும் மாறாமல் வந்திருக்கிறது. போரைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் வேறு மாதிரித் தெரிவது அதனால்தான்.

இப்போது சாப்பாட்டுக்கடைக் காட்சிக்கு வருகிறேன், நான் எழுத உட்கார்ந்ததே அதற்காக. பள்ளிக்கூடத் தாக்குதலுக்குப் பிறகு மெலனி கடைக்குள் வந்து தொலைபேசியில் நடந்ததைச் சொல்கிறாள். அங்கே பறவையியல் தெரிந்த ஒரு வயதான பெண்மணி இருக்கிறார், திருமதி பண்டி. பறவைகளின் மூளை இப்படித் திட்டம் போடும் அளவுக்குப் பெரிதல்ல என்கிறார், வெவ்வேறு இனங்கள் சேர்ந்து பறப்பதில்லை என்கிறார், உலகத்தில் 10,000 கோடிக்கும் மேல் பறவைகள் இருக்கின்றன, அவை சேர்ந்து எதிர்த்தால் எங்களுக்கு என்ன வாய்ப்பு என்றும் அவரே சொல்கிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது பரிமாறும் பெண் உள்ளே பார்த்து மூன்று பொரித்த கோழிக்கு ஓடர் கொடுக்கிறாள். மூலையில் குடித்திருக்கும் ஒருவர் பைபிள் வசனத்தைச் சொல்லி, இது உலக முடிவு என்கிறார். மீன்பிடிப் படகுக்காரர் தன் அனுபவத்தைச் சொல்கிறார். இன்னொருவர் எல்லாப் பறவையையும் சுட்டுத் தள்ளுங்கள் என்கிறார். இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தாய், பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள் என்று கெஞ்சுகிறாள். அந்தக் கடைக்குள் விஞ்ஞானம், சமயம், துவக்கு, தாய்மை எல்லாம் ஒன்றாக இருக்கின்றன, ஒருவருக்கும் காரணம் தெரியாது.

பிறகு தாக்குதல் வருகிறது, எரிகிறது, முடிகிறது. உயிர் தப்பியவர்கள் கடையின் பின்பக்க நடைக்கூடத்தில் ஒடுங்கி நிற்கிறார்கள். அந்தத் தாய் மெலனியைப் பார்க்கிறாள். நீ வந்த பிறகுதான் இதெல்லாம் தொடங்கியது, நீ யார், எங்கிருந்து வந்தாய், நீதான் காரணம், நீ தீயவள் என்று கத்துகிறாள். மெலனி அவள் கன்னத்தில் அறைகிறாள்.

கத்துகிற அந்தத் தாய் கெட்டவள் இல்லை, சற்று முன்புவரை பிள்ளைகளுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தவள். காரணம் தெரியாமல் பயத்தோடு இருக்க முடியவில்லை அவளுக்கு, அதனால் அந்த ஊர்க்காரி அல்லாத ஒருத்தியைக் கண் தேடிப் பிடிக்கிறது. கிரகம் பார்ப்பதும் இதுவும் ஒரே இடத்தில் இருந்துதான் தொடங்குகின்றன. கிரகம் பார்ப்பவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், எள்ளெண்ணெய் எரிக்கிறார், விரதம் இருக்கிறார், அதனால் யாருக்கும் தீங்கில்லை. பழி பக்கத்தில் நிற்கும் புதுமுகத்தின் மேல் விழும்போதுதான் ஆபத்து. இந்தத் தீவில் வாழ்ந்த தமிழர் ஒருவருக்கு இதை நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த போயா (பௌர்ணமி) நாள். கொழும்பில் சேதம் குறைவு, கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலும்தான் ஊர் ஊராகப் போயின, 30,000க்கும் அதிகமானோர் இந்த ஒரு நாட்டில் மட்டும் இறந்தார்கள். சுமத்ரா பக்கம் கடலடியில் நிலம் அதிர்ந்தது என்பது அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் காரணங்கள் நிற்கவில்லை. கடலம்மா கோபம், தர்மம் குறைந்துவிட்டது, கோயிலைக் கவனிக்கவில்லை என்று எங்கள் பக்கம். அந்த ஊர் ஆட்கள் செய்த பாவம் என்று சிலர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி. அப்போது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. இதனால்தான் பறவைகள் ஏன் கொத்தின என்று சொல்ல மறுத்த ஹிட்ச்கொக்கின் பிடிவாதத்தை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

அந்த மனிதரை எல்லா வகையிலும் மதிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேல்மாடி அறையில் மெலனியைப் பறவைகள் குதறும் காட்சிக்கு இயந்திரப் பறவைகள்தான் என்று மெலனியாக நடித்த டிப்பி ஹெட்ரனிடம் முதலில் சொல்லியிருந்தார்கள். படப்பிடிப்பில் உயிருள்ள பறவைகளை நாள் கணக்கில் அவர் மேல் எறிந்தார்கள், சிலவற்றை உடையில் கட்டியும் விட்டார்கள், கண்ணுக்கருகில் காயம்பட்டு, களைத்து விழுந்து, கடைசியில் வைத்தியர் ஓய்வு சொல்லும் நிலை வந்தது. ஹிட்ச்கொக் தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதையும் அவர் 2016இல் வெளியான தன் நினைவுக் குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியை என்னால் நடிப்பாகப் பார்க்க முடியவில்லை. படத்திலும் அது தேவையற்ற காட்சிதான். எல்லோரும் தூங்கும்போது அவள் ஏன் தனியாக மேலே போகிறாள் என்பதற்குப் படத்தில் நியாயமே இல்லை. அதை வெட்டியிருந்தால் படத்துக்கு ஒன்றும் குறைந்திருக்காது.

இணையத்தில் இளையவர்கள் எழுதுவதைப் பார்க்கிறேன், இது சுற்றுச்சூழல் படம், இயற்கை மனிதனைப் பழிவாங்குகிறது என்று. எனக்கு அதுவும் ஒரு சனி தோஷ விளக்கமாகத்தான் படுகிறது. 1961 ஓகஸ்ட்டில் கலிபோர்னியாவின் மொன்டரே குடாப் பக்கம் கபிட்டோலா என்ற ஊரில் உண்மையிலேயே கரிய கடற்பறவைகள் இரவில் கூட்டமாக வந்து வீடுகளிலும் தெருவிளக்குகளிலும் மோதி விழுந்தன. ஹிட்ச்கொக் அந்தச் செய்தியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அதன் காரணம் ஏறக்குறைய 50 ஆண்டுகள் கழித்துத்தான் தெளிந்தது. அந்தக் காலத்தில் எடுத்துச் சேமித்து வைத்திருந்த கடல்நீர் மாதிரிகளில் இருந்த மிக நுண்ணிய மிதவை விலங்குகளின் வயிற்றைச் சோதித்துப் பார்த்தார்கள். நச்சுப் பாசி இருந்தது. பாசியை நெத்தலி தின்றது, நெத்தலியைப் பறவை தின்றது, டொமொயிக் அமிலம் என்ற அந்த நஞ்சு மூளையைக் குழப்பியது. அந்தப் பறவைகள் யாரையும் தாக்க வரவில்லை, வழி தெரியாமல் வந்து விழுந்து செத்தன.

கொழும்பில் நாங்களும் கரையில் இப்படிப் பார்த்திருக்கிறோம். 2021 மே 20இல் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தது, 1,486 கொள்கலன்கள், அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம், 1,600 தொன்னுக்கும் மேல் பிளாஸ்டிக் மணிகள். நீர்கொழும்பு வரை கரை வெள்ளையாகிவிட்டது. பிறகு ஆமைகள் செத்து ஒதுங்கத் தொடங்கின, டொல்பின்களும். மீனவர்களுக்குப் பல வாரம் கடலுக்குப் போகத் தடை. இதில் பழிவாங்கியது யார்? ஆமை ஒன்றும் எங்களைக் கடிக்க வரவில்லை. காரணம் தெரிந்த இடத்தில் காரணத்தைச் சொல்ல வேண்டும், கப்பலையும் அமிலத்தையும் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும், அதை இயற்கையின் கோபம் என்று மூடக்கூடாது. காரணம் தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிய வேண்டும். இந்த இரண்டும்தான் எங்களுக்கு இன்னும் வரவில்லை.

இன்னுமொன்று. முடிவில் அவர்கள் வீட்டை விட்டு வெளியேறும்போது, முற்றம், கூரை, வேலி, கம்பி என்று கண்ணுக்கெட்டும் தூரம் பறவைகள். காரை மெதுவாக, சத்தமில்லாமல் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கதி தன் அண்ணனிடம் கேட்கிறாள், மெலனி கொண்டுவந்து கொடுத்த காதல் கிளிகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா, அவை யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லையே என்று. ஊரே பறவைகளுக்குப் பயந்து ஓடும்போது, அந்தக் கடைக்குள் இருந்த பெரியவர்களில் ஒருவருக்கும் வராத ஒரு யோசனை இந்தப் பிள்ளைக்கு வருகிறது. மற்றப் பறவைகள் செய்ததற்கு இந்த இரண்டும் என்ன செய்யும்? மிச் ஒரு கணம் யோசித்துவிட்டு, சரி, கொண்டு வா என்கிறான். படம் முடியும்போது 'முற்றும்' என்ற வழமையான அட்டை கிடையாது, அதனால் முடிவே இல்லை என்று குறைப்படுகிறவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை பார்த்தால் அந்த இடத்தில் கொஞ்சம் காதைக் கொடுங்கள்.